ஏலாத வேலை

“உங்களுக்கு ஏலாத வேலை எது, மிஸிஸ் இக்னேசியஸ்?”

கப்பல் கம்பனியின் புதிய மனேஜர் இராஜநாயகம் கேட்டது மாகிரட்டுக்கு உடனே விளங்கவில்லை. முந்திய நாள் ஒரு கப்டன் கொழும்போடு பேசிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் இணைப்பு அறுந்துபோனதை விசாரிக்கத்தான் தன்னையும் கூட வேலை செய்யும் நிஸாவையும் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, நடைவழியில் வரும்போதே அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. இருவரையும் கதிரையில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவர்கள் நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறார்கள். மாகிரட் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அப்பிடி ஒண்டும் இல்லை, சேர்,” என்றாள்.

“ஒண்டுமே இல்லையோ?”

“இல்லை, சேர்.”

அவர் சிரித்துக்கொண்டே நிஸாவின் பக்கம் திரும்பினார். “நீங்கள், மிஸிஸ் ஜமால்தீன்?”

நஜ்முன் நிஸா ஒரு காலால் மற்றக் காலின் புறங்காலைத் தேய்த்தாள். யோசிக்கும்போது அப்படித் தேய்ப்பது அவள் வழக்கம். “ஆக்கள் சத்தம் போட்டா எனக்குக் கை நடுங்கும், சேர். என்ன செய்யிறெண்டு வெளங்காது.”

இராஜநாயகம் தலையாட்டினார். குறையைச் சொன்னது நிஸா என்பதில் மாகிரட்டின் மனதுக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கியது அவளுக்கே பிடிக்கவில்லை.

அவர் கெட்ட மனிதரல்லர். கொழும்புத் தலைமைக் கந்தோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி ஏதோ படிப்பித்திருந்தது. மனிதருக்கு மனிதர் இயல்பு வேறு, ஆளுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதுதான் அவர் அங்கிருந்து கொண்டுவந்த சாமான். வந்த மாதமே, வாய் ஓயாத ஒரு கிளாக்கரைக் கணக்குப் பகுதியிலிருந்து தூக்கிக் கப்பலடிக்கு அனுப்பினார். யாரோடும் பேசாத ஒருவரைக் கப்பலடியிலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தார். கந்தோர் முழுக்கச் சிரித்தது. ஆனால் இரண்டு பேரும் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்தார்கள் என்பதையும் கந்தோர் பார்த்தது.

“வெள்ளைக்காரன் போன பிறகு துறைமுகத்தில கப்பலும் குறைஞ்சிட்டுது, அழைப்பும் குறைஞ்சிட்டுது,” என்றார். “அடுத்த மாசத்திலிருந்து ரெலிபோன் போர்ட்டில ஒராள்தான். கொழும்பின்ர முடிவு, என்ர இல்லை. ஆர் எண்டுறதைத்தான் நான் தீர்மானிக்க வேணும். ரெண்டு பேரும் சேந்து இருக்கேக்க ஆர் என்ன மாதிரியெண்டு எனக்குத் தெரியேல்லை. அதனால ஒரு கிழமை மிஸிஸ் ஜமால்தீன் தனிய இருக்கட்டும், அடுத்த கிழமை நீங்கள். மற்ற ஆள் வீட்டில நிக்கலாம். ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்யக் கூடாது. அது ஒண்டுதான் நிபந்தனை.”

திரும்பி வந்து இருவரும் போர்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். அது மேல்மாடியின் மூலையில், ஜன்னலோரமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே இறங்குதுறை, அப்பால் உள்துறைமுகம், தேயிலை ஏற்ற நிற்கும் கப்பல், அதைச் சுற்றிச் சரக்கேற்றும் பார்ஜுகள். யாராவது அழைத்தால் போர்டில் அந்த இலக்கத்தின் மேலிருக்கும் சின்னப் பித்தளை மூடி டக்கென்று கீழே விழும். உடனே வயரைச் செருகிப் பேச வேண்டும். போர்டில் ஆளில்லாத நேரத்துக்கென்று பக்கத்தில் ஒரு விசையும் இருந்தது. அதைத் திருப்பிவிட்டால் மூடி விழும்போதெல்லாம் சுவரிலிருக்கும் மணி அடிக்கும். அந்த விசையில் தூசி படிந்திருந்தது. அவர்களில் ஒருவராவது இல்லாமல் போர்ட் இருந்ததே இல்லை.

இடது பக்கத்து இலக்கங்கள் மாகிரட்டுக்கு, வலது பக்கம் நிஸாவுக்கு என்பது கம்பனியின் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அவர்கள் கைவிட்டுக் கனகாலம். கோபத்தோடு வருகிற அழைப்பு எந்தப் பக்கம் விழுந்தாலும் நிஸா வயரை மாகிரட்டின் பக்கம் தள்ளிவிடுவாள். பார்ஜ் வரவில்லையென்று கத்தும் கப்டன்மார், சுங்கத்திலிருந்து குதிப்பவர்கள், கொழும்பிலிருந்து மேசையில் அடித்துப் பேசும் பெரியவர்கள் எல்லோரும் மாகிரட்டின் காதுக்குத்தான். அவளுக்கு அது ஒரு விளையாட்டுப் போல. அவர்கள் கத்தி முடிக்கும்வரை விட்டு, கொன்வென்டில் படித்த இங்கிலிஷில், “முடிஞ்சுதா கப்டன், இனி நான் பேசலாமா?” என்று கேட்பாள். நிஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

துக்கச் செய்தி என்றால் வயர் மற்றப் பக்கம் போகும். துறைமுகத்தில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் விரிகுடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூர், கட்டைபறிச்சான், தோப்பூர் ஊர்களிலிருந்து லோஞ்ச் என்னும் மோட்டார்ப் படகில் வருகிறவர்கள். யாருக்காவது ஏதாவது நடந்தால் மூதூர் தபாற்கந்தோரை அழைத்து, வீட்டாரைக் கூட்டிவரச் சொல்லி, அவர்கள் வந்து ரிசீவரைக் கையில் எடுத்ததும் சொல்ல வேண்டும். மாகிரட் வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை அப்படிச் சொல்லப் போய், மறுபக்கத்தில் ஒரு தாயின் மூச்சைக் கேட்டதும் ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்திருந்தாள். நிஸா எதுவும் பேசாமல் வயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “உம்மா, கையில என்ன வச்சிரிக்கீங்க? அதைக் கீழ வைங்க. பக்கத்தில ஆர் இரிக்கா? அவட கையப் புடிங்க.” அதற்குப் பிறகுதான் செய்தி. அன்றிலிருந்து அது நிஸாவின் வேலை. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

நிஸா அப்படிக் கேட்பதற்குக் காரணம் அவளுடைய புறங்காலில் இருந்தது. கம்பனிப் பார்ஜில் வேலை செய்த அவள் புருசன் ஜமால்தீன் கடலில் மூழ்கிப்போன அன்று, செய்தி கொண்டுபோன ஆள் வேலிக்கு வெளியே நின்று கத்திச் சொன்னான். நிஸா அப்போதுதான் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். கொதிகஞ்சி விழுந்த காலில் தோல் வேறு நிறமாகிப்போனது. கம்பனி கொடுத்த இந்த வேலைக்கு அவள் வந்தபோது அந்தக் காலில் செருப்புப் போட முடியவில்லை.

*

மாகிரட்டின் புருசன் இக்னேசியஸ் கடற்படைத் தளத்தில் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்தவன். வெள்ளைக்காரனிடமிருந்து தளம் கைமாறியபோது வேலை போன ஆயிரக்கணக்கானோரில் ஒருவன். இரண்டு வருடமாக வேலை தேடிச் சீனன்குடாவுக்கும் பட்டணத்துக்கும் சைக்கிளை மிதித்து, இப்போது மிதிப்பதையும் விட்டுவிட்டான். பாலையூற்று வீட்டில் சமையல் அவன்தான். பிள்ளைகள் இரண்டுக்கும் தலை பின்னி விடுவதும் அவன்தான். முதலில் அதைச் சிரித்துக்கொண்டே பகிடியாகச் செய்தான். பிறகு பகிடி குறைந்தது. சாயந்தரத்தில் மாகிரட் வாசலில் சைக்கிள் விளக்கைப் போலப் பளிச்சென்ற முகத்தோடு வர வேண்டும் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் களைத்து வந்தால் அதைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டு, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தான்.

“நிஸாவுக்கும் பிள்ளை இருக்குத்தானே,” என்று மாகிரட் சொன்னாள்.

“ஓம் இருக்கு. உனக்கும் இருக்கு. நான் ஒருத்தன் வேற இருக்கிறன், பெரிய பிள்ளை.” அவன் மீனை அலசிக்கொண்டே சொன்னான். “அவதானே தனக்கு ஏலாதெண்டு சொன்னவ. நீ சொல்லேல்லை. அவ்வளவுதான் விஷயம்.”

“நான் பொய் சொன்னனான்.”

“வாயை மூடு. அந்த வார்த்தையை இனி இந்த வீட்டில எடுக்காதை. எடுத்தால் அது கந்தோரிலயும் வாயில வந்திடும்.”

முதல் கிழமை நிஸாவினுடையது. மாகிரட் வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்து பழக்கத்தில் சீலை உடுத்து, பிறகு அவிழ்த்தாள். கச்சான் காற்று மண்ணை வாரிக் குசினிக்குள் கொட்டியது. ஊருக்குள் திரியும் மான் இரண்டு வேலியோரம் வந்து நின்று முருங்கைக் கிளையை எட்டிக் கடித்தன. விரட்டப் போனவள் கையை ஓங்கியபடியே, இந்த நேரத்தில் போர்டில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்து நின்றாள். ஒன்றும் நடக்கக் கூடாது என்றும் ஏதாவது நடக்க வேண்டும் என்றும் அவள் மனம் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டது.

வியாழக்கிழமை மத்தியானம் கந்தோர்ப் பியோன் யோசேப் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மூச்சிரைக்க வந்து கூப்பிட்டான். மாகிரட் ஜன்னலால் பார்த்தாள். இக்னேசியஸ் கையால் அவளை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போனான்.

“நிஸாப் பிள்ளை அனுப்பினது, தம்பி. ஒரு கிரேக்கக் கப்டன் லைனில நிண்டு குதிக்கிறான். பிள்ளை ஒரு வயரை எடுத்து வேற எங்கயோ செருகிப் போட்டுது, இப்ப அவன் இன்னும் பெரிசாக் கத்திறான். மனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். அக்காவைப் பின்பக்கப் படியால ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம். ஒருக்காத்தான்.”

“அவ இல்லை, யோசேப் அண்ணை. கோயிலுக்குப் போயிட்டா.”

“இந்த வெய்யிலுக்கயோ? மத்தியானத்தில என்ன கோயில்?”

“நேர்த்தி,” என்றான் இக்னேசியஸ்.

அலுமாரியின் பின்னால் நின்ற மாகிரட் தன் வெறுங்காலைப் பார்த்தாள்.  வாசலில் கழற்றிவிட்ட செருப்பு வெளியே யோசேப்பின் கண்முன்னால்தான் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்தது. யோசேப்பின் குரல் தணிந்தது. “சரி, வந்தால் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அவன் மிதித்துப் போகும் சத்தம் தேயும்வரை புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நடந்ததை அவள் திங்கட்கிழமை கந்தோரில் கேள்விப்பட்டாள். கப்டனின் சத்தம் தாங்காமல் நிஸா காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்று அழுதிருக்கிறாள். சாப்பிட்டு வந்த மனேஜர் தானே உட்கார்ந்து கப்டனைச் சமாதானப்படுத்தியிருக்கிறார். நிஸாவை அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். “உங்களை ஒருத்தரும் குறை சொல்லேல்லை, இது உங்கட இயல்பு,” என்று மட்டும் சொன்னாராம்.

*

மாகிரட்டின் கிழமை நன்றாகவே போனது. அதே கிரேக்கக் கப்டன் திங்களும் செவ்வாயும் கத்தினான். புதன்கிழமை அவளிடம் மன்னிப்புக் கேட்டான். இராஜநாயகம் போர்டின் பக்கமாக வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

“நீங்கள் பதற்றப்படுறேல்லை. அதுதான் இந்த வேலைக்கு வேணும்,” என்றார். “வெள்ளிக்கிழமை நான் சொல்ல வேண்டியது எனக்கு இப்பவே தெரியும்.”

அன்று சாயந்தரம் இக்னேசியஸ் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தான். மாகிரட்டுக்கும் ஒன்று கொடுத்தான். அவள் அதைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். அது உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது.

மறுநாள் பத்து மணி கழிந்திருக்கும். கப்பலடி இலக்கத்தின் மூடி விழுந்தது. பேசியவனின் குரலிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடித்தட்டில் தேயிலைப் பெட்டிகள் சரிந்து கட்டைபறிச்சான் இராசதுரை கீழே அகப்பட்டுக்கொண்டான். அவள் ஆஸ்பத்திரியை இணைத்தாள், மனேஜரை இணைத்தாள், வண்டியை அனுப்பச் சொன்னாள். கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியின் மூடி விழுந்தது. கொண்டுவரும்போதே உயிர் இல்லையாம்.

இராஜநாயகம் அவளருகில் வந்தார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. “பெண்சாதிக்கு நீங்கள்தான் சொல்ல வேணும். பின்னேர லோஞ்சில அவ வந்திட வேணும். உங்களால ஏலுந்தானே?”

“ஓம், சேர்.”

மூதூர் தபாலதிபர் ஆளனுப்பி, இராசதுரையின் பெண்சாதி பூரணி வந்து சேரக் கனநேரம் பிடித்தது. அதற்குள் மாகிரட் நிஸாவின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கையில் என்ன வைத்திருக்கிறீர்கள். கீழே வையுங்கள். பக்கத்தில் யார். இவ்வளவுதானே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். மூடி விழுந்தது. வயரைச் செருகினாள். அந்தப் பக்கத்தில் மூச்சு. வெயிலில் ஓடி வந்த, இளம் பெண்ணின் மூச்சு.

“அக்கா, நான் பூரணி. இராசதுரையின்ர வீட்டுக்காரி. அவருக்கு என்ன?”

மாகிரட் வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்ததில் ஒன்றும் அங்கே இல்லை.

“சின்னக் காயம்,” என்றது அவளுடைய வாய். “ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. பின்னேர லோஞ்சில நீங்கள் ஒருக்கா வாங்கோ.”

“கடவுளே, நான் பயந்திட்டன்.” பூரணி அழுவதுபோலச் சிரித்தாள். “காயம் எங்க அக்கா, கையிலயோ காலிலயோ?”

“கால்.”

“நல்லகாலம். சாப்பிடலாமோ அவர்? அந்த ஆஸ்பத்திரிச் சோறு அவருக்கு இறங்காது.”

“ஓம்,” என்றாள் மாகிரட். “சாப்பிடலாம்.”

வயரைக் கழற்றினாள். பின்னால் இராஜநாயகம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அவளுடைய பேச்சில் கடைசிச் சொல்தான் கேட்டிருக்கும் போலிருந்தது, அல்லது அதுவும் கேட்கவில்லை. “சொல்லிட்டீங்களோ?”

“சொல்லிட்டன், சேர்.”

“எப்பிடி எடுத்தா?”

“அமைதியா.”

“எல்லாராலயும் ஏலாது இது,” என்று அவர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தடுத்து விழுந்த இரண்டு மூடிகளுக்கு அவள் பதில் சொன்னாள். பிறகு மீண்டும் மூதூரை அழைத்தாள். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள், ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது என்றாள்.

“அவ போயிட்டாவே, மிஸிஸ்,” என்றார் தபாலதிபர். “நல்ல சந்தோஷமாப் போனா. சந்தையில ஒரு கோழியும் வாங்கிக்கொண்டு, ஆரோ ஒராளின்ர சைக்கிளில ஏறிப் போனவ. சமைச்சுக் கொண்டு நேர லோஞ்சுக்குத்தான் வருவா.”

அப்போது அவரிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆளனுப்பிச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டேன் என்று மனேஜரிடம் சொன்ன பிறகு, சொல்லவில்லை என்று ஊர் முழுவதும் தெரிய விட முடியுமா? வெள்ளிக்கிழமைக்கு ஒரு இரவுதான் இருந்தது. மனேஜரின் அறைவரை இரண்டுமுறை நடந்துபோய், இரண்டுமுறையும் கதவிலிருந்து திரும்பி வந்தாள். இக்னேசியஸின் கையிலிருந்த மீன் வாசனையும் பிள்ளைகளின் பின்னிய தலையும் அந்தக் கதவில் எழுதியிருந்தது போல அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து போர்டில் உட்கார்ந்து, விழுந்த மூடிகளையெல்லாம் நிமிர்த்தி, வந்த அழைப்புக்கெல்லாம் பதில் சொன்னாள். குரல் நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அக்கரையில் ஒரு குசினியில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. காலில் காயம்பட்டவனுக்கு உறைப்புக் கூடாது என்று அந்தப் பெண் மிளகாயைக் குறைத்துப் போட்டிருப்பாள்.

பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே, துறைமுக வாயின் முனையைச் சுற்றி லோஞ்ச் வருவது தெரிந்தது. வெள்ளைப் புள்ளியாக, அவசரமில்லாமல் வந்தது.

மாகிரட் எழுந்தாள். தூசி படிந்த விசையை விரலால் திருப்பிவிட்டாள். காதுக் கருவியை மேசையில் வைத்தாள். போன கிழமை நிஸாவும் அப்படித்தான் வைத்திருப்பாள். பின்பக்கப் படியால் இறங்கி ஓடினாள்.

*

நிஸாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய ஒழுங்கையில். வாசலில் அவளுடைய தாய் ஆமினா உம்மா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். மாகிரட்டைக் கண்டதும் சுளகை நிறுத்தினாள்.

“நஜ்மு, இஞ்ச வந்து பாரு. கோயிலுக்குப் போன புள்ள வந்திரிக்கி.”

நிஸா வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இந்தக் கிழமை முழுவதும் அழுதிருப்பாள் என்று மாகிரட் நினைத்தாள்.

“அண்டைக்கு என்ன பூசை, அக்கா?” என்றாள் நிஸா. “யோசேப் அண்ணர் சொன்னார், உங்கட செருப்பு மட்டும் வீட்டில கிடந்ததாம். வெறுங்காலோடயா போனீங்க? பெரிய நேர்த்திதான்.”

“நிஸா, வா. நேரமில்லை.”

“எனக்கு என்ன ஏலாதெண்டு இப்ப கந்தோர் முழுக்கத் தெரியும். நான்தான் வாயத் திறந்து சொன்ன. உங்களுக்கு ஏலாதது ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நானும் அந்த அறையில வச்சிச் சொல்லல்ல. ஏன் சொல்லல்லயெண்டு எனக்கே வெளங்கல்ல.”

“இராசதுரை செத்திட்டான். கட்டைபறிச்சான் இராசதுரை. அவன்ர பெண்சாதி லோஞ்சில வாறா.” மாகிரட்டுக்கு மூச்சு வாங்கியது. “காலில காயமெண்டு சொல்லிப் போட்டன். அவ சாப்பாடு சமைச்சுக்கொண்டு வாறா, நிஸா. கோழி வாங்கினவவாம். எனக்கு ஏலாது. எனக்கு இது ஏலாது.”

அந்தச் சொல்லை அவள் இரண்டு முறை சொன்னாள். ஒழுங்கையில் நின்று, சத்தமாக, ஆமினா உம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொன்னாள்.

“யா அல்லாஹ்,” என்றாள் ஆமினா உம்மா. சுளகு சரிந்து அரிசி நிலத்தில் கொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை.

நிஸா மாகிரட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, அது போகவில்லை. “போர்ட்டில ஆரு?” என்று கேட்டாள்.

“ஒருத்தருமில்ல.”

“மனேஜர்?”

“கந்தோரிலதான்.”

நிஸா உள்ளே போய் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு வந்தாள். செருப்புப் போடவில்லை. “உங்களுக்காக வாற இல்ல,” என்றாள். பிறகு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நடை ஓட்டமானது.

பள்ளிவாசல் மதிலைத் தாண்டும்போது லோஞ்சின் ஊதல் கேட்டது. மீன் பெட்டிகளோடு நின்ற கரத்தை வண்டிக்காரர்களை விலக்கிக்கொண்டு இருவரும் இறங்குதுறையின் பலகையில் ஏறினார்கள். பலகை காலின் கீழே ஆடியது. லோஞ்ச் கயிறு போட்டு அணைந்துகொண்டிருந்தது. தயிர்ச் சட்டிகளோடு தோப்பூர் வியாபாரிகள், வெற்றிலைக் கட்டுகள், ஒரு ஆடு, அதற்குப் பின்னால் நல்ல மஞ்சள் சேலை உடுத்த ஒரு இளம் பெண். தலையில் பூ வைத்திருந்தாள். ஒரு கையில் அடுக்குச் சாப்பாட்டுக் கரியர், மற்றக் கையில் வாழையிலைச் சுருள். படகு ஆடும்போதெல்லாம் கரியரை உயர்த்திப் பிடித்தாள், கறி சிந்திவிடக் கூடாதென்று.

“அதா?” என்றாள் நிஸா.

மாகிரட் தலையாட்டினாள். அவளை ஒருபோதும் கண்டதில்லை. ஆனால் அது அவள்தான்.

“கேளுங்க,” என்றாள் நிஸா. குரல் போர்டில் பேசும் குரலாகிவிட்டிருந்தது. “நான் சொல்லுவன். ஆனா முதல்ல அவட கையில இரிக்கிறத வாங்கோணும். அதை நீங்கதான் செய்யணும். ரெண்டு கையாலயும் வாங்குங்க. அவட கை வெறுமையா இரிந்தாத்தான் நான் புடிக்கலாம்.”

“அவ என்னட்டை ஏதும் கேட்டால்?”

“ஒண்டும் சொல்லாதீங்க. உங்கட வாயால இண்டைக்குச் சொன்னது போதும்.”

இறங்குதுறைக்கு மேலே கந்தோரின் மாடி ஜன்னல் திறந்தபடி இருந்தது. அதற்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒரு தரம், விட்டு மறுபடி. போர்டில் மூடிகள் விழுகின்றன. கிரேக்கக் கப்டனாக இருக்கலாம், கொழும்பாக இருக்கலாம். நடைவழியில் கதவொன்று திறக்கும், யாரோ ஒருவர் வெறும் கதிரையையும் மேசையில் கிடக்கும் காதுக் கருவியையும் பார்ப்பார், பிறகு ஜன்னலுக்கு வருவார். மாகிரட் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பலகையின் விளிம்புவரை போனாள்.

பூரணி ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டு, தனக்காக யாரோ காத்து நிற்கிறார்கள் என்று கண்டு முகம் மலர்ந்தாள். “கந்தோரில இருந்தோ அக்கா? நீங்களோ என்னோட கதைச்சது?”

மாகிரட் இரண்டு கைகளையும் நீட்டினாள். பூரணி ஒரு விநாடி தயங்கி, பிறகு இறங்குவதற்கு உதவி செய்கிறாள் என்று நினைத்து, நன்றியோடு கரியரைக் கொடுத்தாள். வாழையிலைச் சுருளையும் கொடுத்தாள். “பாத்து அக்கா, சொதி கீழ்த்தட்டில,” என்றாள்.

கரியரின் அடி இன்னும் சுட்டது. மாகிரட் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் விலகி நின்றாள். வெறும் கையோடு கரையில் ஏறிய பூரணியின் முன்னால் நிஸா வந்து, அந்த இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்தாள். மேலே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கரியரின் சூடு சேலையைத் தாண்டி மாகிரட்டின் வயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.